எந்த ஓம், யோஹான்?

எங்கள் கழகம் இந்த முறை பிரேசிலில் இருந்து ஒரு கோல்கீப்பரை எடுத்திருக்கிறது. பிள்ளை இன்னும் விமானம் ஏறவில்லை. அதற்குள் ஃபேஸ்புக்கில் ஆதரவாளர்கள் தொடங்கிவிட்டார்கள். யார் இவள், டென்மார்க்கில் ஆள் இல்லையா, நிர்வாகத்துக்கு மூளை கழன்றுவிட்டதா என்று ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். நான் ஓய்வு பெற்றவன். எனக்கு இதில் ஒரு அலுவலும் இல்லை. ஆனாலும் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, எழும்பிப் போய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். கவலை வந்தால் எனக்குக் கதவு பார்க்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து லேனே தொலைபேசி எடுத்தாள். என் பழைய வேலையை இப்போது பார்க்கிறவள் அவள்தான்.

"யோஹான், பிரேசில் பிள்ளைக்கு வீடு இன்னும் சரிவரேல்லை. கொஞ்ச நாளைக்கு உங்கட மேல் அறையில விடலாமோ எண்டு கிர்ஸ்டன் கேக்கிறா. நட்சுமிக்குச் செய்த மாதிரி."

"நட்சுமிக்குச் செய்த மாதிரியோ?" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"அதுதான். இஞ்ச புதுப் பிள்ளையள் எல்லாம் அந்தக் கதையைக் கேக்கினம். ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுகினம். உண்மையில என்ன நடந்தது?"

மனைவி மலரோடு கதைத்துவிட்டு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். மலர் கடைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

என் சீவிய வரலாறு பெரிதாக ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். டென்மார்க்குக்கு வந்து இக்காஸ்டில் ஒரு தையல் தொழிற்சாலையில் துணி வெட்டினேன். அங்கேதான் மலரைக் கண்டேன். நான் வெட்டுவேன், அவள் தைத்து நேராக்குவாள். கலியாணத்துக்குப் பிறகும் அதே ஒழுங்குதான். பிறகு தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. நாங்கள் போகவில்லை. கொம்யூன்காரர், அதாவது நகரசபைக்காரர், என்னைப் பிராண்டேக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் விளையாட்டு ஹாலுக்குத் தும்புத்தடியோடு அனுப்பினார்கள். ஊரின் பெயரையும் கழகத்தின் பெயரையும் எழுத மாட்டேன். யாராவது கோபித்துக்கொண்டால் எனக்கு நித்திரை வராது.

ஹாலைக் கூட்டிக்கொண்டிருந்த என்னை, அங்கே விளையாடுகிற பெண்கள் ஹாண்ட்போல் அணி தங்களுடைய சாமான் பொறுப்பாளராக எடுத்துக்கொண்டது. டேனிஷில் மெட்டீரியல்மான் என்பார்கள். கேட்டால் சீமெந்துக் கடை முதலாளி மாதிரி இருக்கும். உண்மையில் உடுப்புத் தோய்க்கிறது, பந்து துடைக்கிறது, வான் ஓட்டுகிறது. யோகநாதன் என்ற என் பெயரை யோகன் என்று சுருக்கிச் சொன்னேன். அவர்கள் அதை யோஹான் என்று தங்கள் பெயராகவே ஆக்கிவிட்டார்கள். ஜே என்று எழுதி யோ என்று வாசிக்கிற நாட்டில் நான் எதைத் திருத்துவது?

கவலைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் இல்லை. மற்ற இடங்களில் என் கவலையைப் பார்த்துச் சிரிப்பார்கள். இங்கே அதற்குச் சம்பளம் தந்தார்கள். சட்டை கிழிந்தால்? மாற்றுச் சட்டை இருக்கிறது. மாற்றுச் சட்டையும் கிழிந்தால்? அதற்கும் இருக்கிறது. எதற்கும் உதவும் என்று ஒரு இடது கால் சப்பாத்தைத் தனியாக வானில் வைத்திருந்தேன். ஒரு நாளும் உதவவில்லை. ஆனால் அது இல்லாமல் வான் கிளம்பாது.

இந்த வேலையில் பாதி, பிசினோடு நடக்கிற சண்டை. ஹாண்ட்போல் என்றால் பந்தைக் கையால் பிடித்து எறிந்து கோல் போடுகிற விளையாட்டு. பந்து கையில் ஒட்ட வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகள் விரலில் பிசின் பூசுவார்கள். சப்பாத்தின் குதியில் ஒரு கட்டி அப்பி வைத்திருந்து, ஓட்டத்துக்கு நடுவில் குனிந்து தொட்டு எடுப்பார்கள். அது விரலிலிருந்து பந்துக்கும், பந்திலிருந்து நிலத்துக்கும், நிலத்திலிருந்து கதவுப் பிடிக்கும், அங்கிருந்து தலைவருடைய நல்ல கோட்டுக்கும் போகும். பலாப்பழம் வெட்டின வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் நிலத்துக்கு மருந்து தெளித்து ஊற விட வேண்டும். பிறகு தகட்டால் சுரண்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஈரத் துணி. அவசரப்பட்டு முதலிலேயே ஈரத் துணியைப் போட்டால் பிசின் ஹால் முழுக்க இழுபடும். பந்துகளை எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். கூடத் துடைத்தால் வழுக்குகிறது என்று ஏசுவார்கள், குறையத் துடைத்தால் கையை விட்டுப் போகவில்லை என்று ஏசுவார்கள்.

ஏசாத ஒரே ஆள் பயிற்சியாளர் கிர்ஸ்டன். அவர் புகழவும் மாட்டார். மேற்கு யூலண்டுக்காரர். அந்தப் பக்கத்து ஆட்கள் புகழ்ச்சிக்கும் வரி கட்ட வேண்டும் என்பது போலப் பேசுவார்கள். கிர்ஸ்டனுடைய ஆகப் பெரிய பாராட்டு, "அவ்வளவு மோசமில்லை." அதைக் கேட்பதற்காகப் பிள்ளைகள் உயிரை விடுவார்கள். விசிலின் கயிற்றைச் சுட்டுவிரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பார். வலது புருவம் ஏறினால் கேள்வி, இரண்டும் ஏறினால் ஓடிவிடலாம்.

கோல்கீப்பருக்குப் பயிற்சி கொடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. விளையாடுகிறவர்கள் வரிசையாக வந்து கோலை நோக்கி எறிவார்கள். மேல் இடது, மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது. ஒரு சுற்று முடிந்ததும் கிர்ஸ்டன் ஒரே சொல் கேட்பார்: "ஃபேர்டி?" முடிந்ததா என்று அர்த்தம். "யா" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை தண்ணி குடிக்கப் போகும். வருசக்கணக்காக இதுதான் நடந்தது, நட்சுமி வரும் வரைக்கும்.

நட்சுமி யப்பானில் இருந்து வந்தாள். எங்கள் கோல்கீப்பர் முழங்கால் முறிந்து படுத்திருந்த நேரம் அது. நிர்வாகம் இவளை டிசம்பர் நத்தார் விடுமுறை வரைக்கும் என்று பரீட்சார்த்தமாக எடுத்தது. நத்தாருக்கு முந்திய கடைசி ஆட்டம் முடிந்ததும் வைத்திருப்பதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு. அவளுடைய உயரத்தைக் கண்டதும் ஊரே முடிவெடுத்துவிட்டது. டென்மார்க்கில் கோல்கீப்பர் என்றால் மேல் கம்பத்தோடு தலை முட்ட வேண்டும். இவள் கையை உயர்த்தினாலும் கம்பத்துக்கும் கைக்கும் இடையில் ஒரு தேங்காய் போகும்.

ஆதரவாளர்களின் தலைவருக்குப் போல் என்று பெயர். பாரவண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மேளமும் அவரிடம்தான், வாயும் அவரிடம்தான். பயிற்சி நாட்களிலும் கோப்பியோடு வந்து முதல் வரிசையில் இருப்பார்.

"யோஹான், உன்ர வானில ஒரு முக்காலி கிடக்குதோ?"

"என்னத்துக்கு?"

"கோலுக்குள்ள வைக்க."

பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சிரிக்கிற விசயமில்லை," என்றார் போல். "அவ்வளவு தூரத்தில இருந்து கொண்டு வாறதெண்டால் ரெண்டு பேரையெல்லோ கொண்டு வந்திருக்க வேணும். ஒருத்தியின்ர தோளில மற்றவளை ஏத்தி விட்டிருக்கலாம்."

வீடு கிடைக்கும் வரை நட்சுமி எங்கள் மேல் அறையில் இருந்தாள். கோல்கீப்பர் நீளக் காற்சட்டை போடுவது வழக்கம். கழகத்தில் இருந்தது எல்லாம் அவளுக்கு நிலத்தைக் கூட்டியது. மலர் ஒரே பின்னேரத்தில் எல்லாவற்றையும் வெட்டி மடித்துத் தைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து நட்சுமி மலருடைய பிள்ளை. சாப்பாடும் அப்படித்தான். இடியப்பத்தைக் கண்டதும் தங்கள் ஊர் நூடில்ஸ் என்று நினைத்துச் சொதியை உறிஞ்சிச் சத்தம் போட்டுக் குடித்தாள். மலருக்குப் பெருமை தாங்கவில்லை.

அவளுடைய பிரச்சினை சொல்லில் தொடங்கியது. யப்பானில் 'ஹை' என்றால் ஆமென்கிற சொல்லாம். டென்மார்க்கில் 'ஹை' என்றால் வணக்கம். முதல் நாள் கிர்ஸ்டன், "விளங்கிச்சோ?" என்று கேட்டார். நட்சுமி நிமிர்ந்து நின்று "ஹை!" என்றாள். கிர்ஸ்டனும் "ஹை" என்றார். நட்சுமி திரும்பவும் தலை குனிந்து "ஹை!" இப்படியே மாறி மாறி வணக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் பந்துக் கூடையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.  அன்று பின்னேரம் வானில் வரும்போது அவள் என் பக்கத்தில் இருந்தாள். நான் வழியில் வானை நிறுத்தி, சில்க்போர்க்கில் இருக்கிற என் தமையனோடு தொலைபேசியில் கதைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் 'ஹை' சொல்வதை விட்டுவிட்டாள்.

ஆனால் வேறொன்று தொடங்கியது. கிர்ஸ்டன் அவளைப் போட்டு வதைக்கிறார் என்று எனக்குப் பட்டது. நான் ஹாலின் மற்ற மூலையில் பிசின் சுரண்டுகிறவன். பேசுவது கேட்காது, பார்க்க மட்டும் முடியும். ஒரு சுற்று முடியும். கிர்ஸ்டன் ஏதோ கேட்பார். நட்சுமி தலை குனிந்து ஏதோ சொல்வாள். கிர்ஸ்டனுடைய புருவம் ஏறும். விசில். திரும்பவும் முழுச் சுற்று. திரும்பக் கேட்பார், திரும்பக் குனிவாள், திரும்ப விசில். எறிகிறவர்களுக்கே தோள் கழன்றது. பிள்ளையின் தொடையெல்லாம் கத்தரிக்காய் நிறம். மலர் நல்லெண்ணெய் சூடாக்கிக் கொடுத்தாள்.

"இஞ்சருங்கோ, அந்த மனுசி என்ன இரும்போ? போய் ஒருக்காக் கேளுங்கோவன்."

"நான் என்னெண்டு கேக்கிறது? நான் பந்து துடைக்கிற ஆள்."

"பந்து துடைக்கிற ஆளுக்கு வாய் இல்லையோ?"

வாய் இருந்தது. பயமும் இருந்தது. நான் போய்க் கேட்டு, கிர்ஸ்டன் கோபித்து, நட்சுமியை அனுப்பி, என்னையும் அனுப்பி, வானின் திறப்பை வாங்கி... கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.

இதற்கிடையில் போல் மாறத் தொடங்கினார். ஒரு நாள் என்னை மறித்தார்.

"யோஹான், கேள்விப்பட்டியோ? ஒவ்வொரு சுற்றுக்கும் கிர்ஸ்டன் முடிஞ்சுதோ எண்டு கேக்கிறா. இந்தச் சின்னன் 'இன்னொருக்கா' எண்டு சொல்லுதாம்! என்ர சீவியத்தில இப்பிடி ஒரு கோல்கீப்பரைக் காணேல்லை. எங்கட பெட்டையள் 'முடிஞ்சுதோ'வில 'மு' கேக்க முதலே தண்ணிப் போத்திலுக்கு ஓடிவிடுவினம்."

எனக்கு ஆச்சரியம். பிள்ளை தானாகக் கேட்டா அடி வாங்குகிறது?

நத்தாருக்கு முந்திய கடைசி ஆட்டம் கிட்ட வந்துகொண்டிருந்த நாட்களில், எங்கள் சாப்பாட்டு மேசையில் விசயம் வெளித்தது. மலர் இடியப்பத் தட்டோடு நின்றுகொண்டு கேட்டாள், "போதுமோ பிள்ளை?"

"ஓம்," என்றாள் நட்சுமி.

மலர் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நட்சுமி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து யப்பான் மொழியில் நீளமாக ஏதோ சொன்னாள். அது டேனிஷாக மாற்றி, ஒரு வானொலிச் செய்திக்காரியின் குரலில் எங்களுக்கு வாசித்தது: "யோஹான் அவர்களே, ஒரு கேள்வி. இந்த வீட்டில் நான் ஓம் என்று சொன்னால் சாப்பாடு நிற்கிறது. ஹாலில் நான் ஓம் என்று சொன்னால் பந்து நிற்பதில்லை. ஏன்?"

என் கையிலிருந்த சொதிக் கரண்டி சொதிக்குள்ளேயே விழுந்துவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டேனிஷிலும் ஒரு 'ஒம்' இருக்கிறது. எங்களுடைய ஓமை விடக் கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான். விளையாட்டில் ஒம் என்றால், திரும்பச் செய், முதலில் இருந்து, இன்னொருக்கா. பள்ளிக்கூட முற்றத்தில் குஞ்சு குருமான் எல்லாம் ஒம், ஒம் என்று கத்தும். கிர்ஸ்டன் முடிந்ததா என்று கேட்க, இவள் ஆமென்று எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள். கிர்ஸ்டனுடைய காதில் அது 'இன்னொருக்கா' என்று விழுந்திருக்கிறது.

"ஆனால் பிள்ளை, உனக்கு 'யா' தெரியும்தானே?" என்று, இதையெல்லாம் விளக்கிய பிறகு தொலைபேசிக்குச் சொன்னேன்.

தெரியுமாம். ஆனால் யப்பானில் கூட்டாளிக்கு ஒரு சொல், பெரியவருக்கு ஒரு சொல். இங்கேயும் அப்படித்தான் என்று கண்டுபிடித்தாளாம். அணிப் பிள்ளைகளோடு நான் 'யா, யா' என்கிறேன். தமையனோடு கதைக்கும்போது வானை ஓரமாக நிறுத்தி, முதுகை நிமிர்த்திக்கொண்டு 'ஓம், ஓம்' என்கிறேன். ஆகவே யா என்பது கூட்டாளிக்கு, ஓம் என்பது பெரியவருக்கு. பயிற்சியாளருக்கு யா என்று சொல்வது மரியாதை இல்லையே!

மலர் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்றதும், "நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ," என்றாள். "சொல்லாட்டி நான் பஸ்ஸில போய்ச் சொல்லுவன்."

அடுத்த நாள் கிர்ஸ்டனைத் தேடிப் போனேன். பந்துக் கூடைக்குப் பக்கத்தில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். சொன்னேன். என் தமையனில் இருந்து இடியப்பம் வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.  கிர்ஸ்டனுடைய இரண்டு புருவமும் ஏறியது. பிறகு மெல்லக் கூடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். தோள் குலுங்கியது. ஐயோ, மனுசியை அழ வைத்துவிட்டேன் என்று நான் துணியை நீட்டினேன். அது எண்ணெய்த் துணி. நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, சிரிப்பு. அத்தனை வருசத்தில் அவருடைய பல்லை அன்றுதான் கண்டேன்.

"நான் நினைச்சன் அவளுக்குப் பைத்தியம் எண்டு," என்றார் கிர்ஸ்டன் மூச்சு வாங்கி. "வீட்ட போய் மனுசனுக்குச் சொன்னனான், இப்பிடி ஒருத்தி எனக்குக் கிடைச்சதுக்கு நான் என்ன செய்தனோ எண்டு. அவள் என்னை என்னெண்டு நினைச்சிருப்பாள்!" பிறகு முகம் மாறியது. "யோஹான், போல் இண்டைக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாறார். அவள் 'இன்னொருக்கா' சொல்லுறதைக் காட்ட. நிர்வாகத்தில இருந்தும் வருகினம்."

 விளக்கம் கிடைத்த பிள்ளை இனி 'யா' என்று சொல்லிவிட்டுத் தண்ணி குடிக்கப் போகும். போல் பொய்யனாவார். முக்காலிப் பகிடி திரும்ப வரும். நத்தாரோடு பிள்ளை விமானம் ஏறும். உள்ளதைச் சொல்லப் போய் உள்ளதையும் கெடுத்தேனா?

பின்னேரம் முதல் இரண்டு வரிசையும் நிரம்பியிருந்தது. ஹால் முழுக்கக் கோப்பி வாசம். ஒரு சுற்று எறிந்து முடிந்தது.  கிர்ஸ்டன் வழக்கத்தை விட மெதுவாகக் கேட்டார்.

"ஃபேர்டி?"

நட்சுமி கிர்ஸ்டனைப் பார்த்தாள். போலைப் பார்த்தாள். மூலையில் தகட்டோடு நின்ற என்னைப் பார்த்து, கண்ணைச் சுருக்கி ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"ஓம்!"

கிர்ஸ்டன் சுழன்று திரும்பினார். "எந்த ஓம், யோஹான்?"

"தெரியேல்லை!" என்று ஹால் அதிரக் கத்தினேன். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

நட்சுமி நடந்து போய்த் தண்ணிப் போத்திலை எடுத்தாள். முதல் வரிசையில் முகங்கள் தொங்கின. ஆறுதலாக ஒரு மிடறு குடித்தாள். மூடியைத் திருகினாள். பிறகு திரும்பி நடந்து கோலுக்குள் போய், இரண்டு கம்பத்திலும் படார் படார் என்று தட்டிவிட்டு, வா என்று கையைக் காட்டினாள்.

இரண்டு ஓமும்தான்.

கடைசி ஆட்டத்துக்கு ஆதரவாளர்கள் மேளத்தில் ஓ, எம் என்று இரண்டே எழுத்துக் கீறிக்கொண்டு வந்தார்கள். நட்சுமி ஒவ்வொரு பந்தைத் தடுக்கும்போதும் ஹால் முழுக்க "ஓம்! ஓம்!" என்று அதிர்ந்தது. பிராண்டேயில் இருந்து ஆட்டம் பார்க்க வந்திருந்த குலம் அண்ணை என் காதுக்குள் குனிந்தார்.

"டேய் யோகன், இதென்னடா, வெள்ளையள் எல்லாம் பிரணவம் சொல்லுறாங்கள்? எப்பயிருந்து?"

"பேந்து சொல்லுறன் அண்ணை," என்றேன். எனக்கு மூச்சு விட நேரமில்லை. நாங்கள் ஒரு கோல் முன்னுக்கு. மணி முடிகிற நேரத்தில் எதிரணிக்கு ஏழு மீற்றர் எறிதல் கிடைத்தது. கோல்கீப்பரும் எறிகிறவளும் மட்டும் நேருக்கு நேர். அவள் எறிந்தாள். நட்சுமி காலால் தடுத்தாள். மேளத்தைக் கிழிகிற மாதிரி அடித்தார்கள், ஆட்கள் கட்டிப்பிடித்தார்கள், நான் யாரென்று தெரியாத ஒருவரை முத்தமிட்டேன்.

நடுவர் விசில் ஊதினார். எங்கள் பிள்ளை ஒருத்தி அவசரப்பட்டுக் கோட்டைத் தாண்டிவிட்டாளாம். விரலால் ஒரு வட்டம் போட்டுச் சொன்னார்:

"ஒம்."

மேளம் நின்றது. எங்கள் சொல்லையே எடுத்து எங்களுக்கு அடித்துவிட்டார்.  நட்சுமி நடுவருக்கு முன்னால் போய் நின்றாள். பெரியவருக்குக் குனிகிற மாதிரி இடுப்பை வளைத்துக் குனிந்தாள்.

"ஓம்," என்றாள்.

எங்கேயோ ஒரு ஆள் வெடித்துச் சிரித்தார். அது பரவி ஹாலே சிரித்தது. பந்தோடு நின்ற எதிரணிப் பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்க முதல் எறிந்தாளோ என்னவோ, பந்து நட்சுமியின் தொடையில் பட்டு, கம்பத்தில் பட்டு, கோட்டின் மேலேயே உருண்டு உருண்டு, நான் அன்று சரியாகச் சுரண்டாமல் விட்ட ஒரு பிசின் துண்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. கோட்டைத் தாண்டாமல் நின்றேவிட்டது. மணி அடித்தது.

கிர்ஸ்டன் என் பக்கத்தில் வந்து நின்று, அந்தப் பந்தையும் அந்த இடத்தையும் பார்த்தார்.

"யோஹான்," என்றார், "அவ்வளவு மோசமில்லை."

நட்சுமியை வைத்துக்கொண்டார்கள். பிறகு பெரிய கழகம் ஒன்றுக்குப் போகும் வரை அவள் இங்கேதான் விளையாடினாள். போல் தன் தவறை ஒரு நாளும் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் முதலே சொன்னனான், கட்டையாக்கள் நிலத்துக்குக் கெதியாப் போய்ச் சேருவினம் எண்டு," என்று இன்றைக்கும் சொல்லுகிறார். பிரேசில் பிள்ளையைப் பற்றி ஃபேஸ்புக்கில் ஆக நீளமாக எழுதியிருப்பதும் அவர்தான். உயரம் கூடிப்போச்சாம்.

இதோ, மலர் வந்துவிட்டாள். விசயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இந்தப் பிள்ளை எங்களிடம் எந்தச் சொல்லைப் பிடிக்கும்? அது பிரேசிலில் என்னவாக இருக்கும், ஹாலில் என்னவாகும்?

"வேண்டாமெண்டு சொல்லட்டோ?" என்று கேட்டேன். "எங்களுக்கும் வயசு போட்டுது. எங்கட அலுவல் எல்லாம் முடிஞ்சுதுதானே?"

"ஓம்," என்றாள் மலர்.

எந்த ஓம் என்று நான் கேட்கவில்லை. அவள் இடியப்ப உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.